புதுச்சேரியில் எங்கள் பழைய வீட்டை இடித்துக் கட்ட மரபுக் குழுவிடம் ஏன் அனுமதி கேட்க வேண்டும்?

தாத்தா விட்டுச்சென்ற வீட்டை இடித்து மூன்று மாடி எழுப்ப விரும்புகிறீர்கள். பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடங்களின் பட்டியலில் உள்ள வீடு என்பதால் மரபுக் குழு பார்க்க வேண்டும் என்கிறார்கள். "என் வீடு, என் பணம், இவர்கள் யார்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்காக நாங்களும் இதே கோபத்தோடுதான் அலைந்தோம்.

திண்ணையை எடுத்துவிட்டுக் கார் நிறுத்த ஒரு ஷட்டர், சுவர் முழுக்க சிமெண்ட் பூச்சு. எங்கள் முதல் வரைபடம் அவ்வளவுதான். அது திரும்பி வந்த அன்று அப்பா சாப்பிடவில்லை. மறுவாரம் வீட்டைப் பார்க்க வந்த கட்டடக் கலைஞர், குளியலறை, சமையலறை, பின்கட்டு எல்லாவற்றையும் வசதிப்படி மாற்றிக்கொள்ளச் சொன்னார். வீதியைப் பார்த்த முகப்பும் திண்ணையும் மட்டும் நிற்க வேண்டும் என்றார்.

பிறகு, சில வருடங்களுக்கு முன் நாங்கள் சிமெண்ட் பூசியிருந்த சமையலறைச் சுவரைத் தட்டச் சொன்னார். பூச்சு பலகைபோலப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே செங்கல் மாவாக உதிர்ந்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியேயும் விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழி இல்லை. கடற்காற்றின் உப்பும் சேர்ந்து கல்லை உள்ளிருந்தே அரித்துவிடும். சிமெண்ட்தான் உறுதி என்று எங்களுக்குச் சொல்லியிருந்த யாரும் இதைச் சொல்லவில்லை. அப்பாவின் மனம் மாறியது அந்தச் சுவரின் முன்னால்தான்.

இன்னொன்று. நம் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. பல இடங்களில் பக்கச்சுவர் இருவருக்கும் பொது. அடுத்த வீட்டு மெட்ராஸ் டெரஸின், அதாவது மர உத்திரங்கள்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தட்டைக் கூரையின், உத்திரங்கள் உங்கள் சுவரில் உட்கார்ந்திருக்கக்கூடும். நீங்கள் இடித்தால் விரிசல் அங்கே விழும். வீதிப் பக்கம் நீளும் தாழ்வாரமும் அப்படித்தான், ஒரு வீடு பின்வாங்கினால் வீதியின் நிழல் அந்த இடத்தில் அறுந்துபோகும். வைசியாள் வீதிக்குப் போய் ஒருமுறை நடந்து பாருங்கள். முகப்புகளை வரிசையாகச் சீரமைத்த அந்த வேலை 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருது பெற்றது. அதற்கு நேர் எதிராக, பழுதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனதில், பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சி அலுவலகமான, 19ஆம் நூற்றாண்டின் மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்தது. அதே வடிவில் திரும்பக் கட்டி 2021இல்தான் திறந்தார்கள். திரும்பக் கட்டியது நகல்தானே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

அதற்காக நடைமுறையில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்களுக்கு ஏழு மாதம் ஆனது. நடுவில் வந்த ஐப்பசி மழையில் ஓர் உத்திரம் இறங்கிவிட்டது. பழுதுபார்க்கும் விண்ணப்பத்தை இடிக்கும் விண்ணப்பத்தோடு ஒரே வரிசையில் நிறுத்துவது பெரிய தவறு. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் எளிதில் கிடைப்பதில்லை, கூலியும் அதிகம். முகப்பு ஊருக்கானது என்றால் அதன் செலவில் ஊரும் ஒரு பங்கு ஏற்க வேண்டும். இதைக் குழுவிடமே சொன்னேன், இங்கும் சொல்கிறேன்.

நீங்கள் உடனே செய்ய வேண்டியது, இன்ஜினீயரிடம் முழு வரைபடத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே முகப்பு, திண்ணை, பக்கச்சுவர்கள், கூரையின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு, பென்சில் வரைவோடு போய் மரபுக் குழுவிடம் பேசுவது. நாங்கள் வரைபடத்துக்கு இரண்டு முறை பணம் கட்டினோம். மூன்று மாடி கிடைக்காமல் போகலாம். ஆனால் பின்கட்டில் ஒரு மாடிக்கு வழி இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். எங்களுக்குக் கிடைத்தது.

உங்கள் வீட்டில் தாழ்வாரம் மிச்சம் இருக்கிறதா, மேல்தளம் மரமா கான்கிரீட்டா என்று கீழே எழுதுங்கள். எங்கள் வீட்டில் வேலை செய்த கொத்தனாரிடம் கேட்டுச் சொல்கிறேன்.