முதல் மழைய நம்பி விதைக்கலாமா?

கேள்வி: சார், விளாத்திகுளம் பக்கம் கரிசக்காடு, முழுக்க மானாவாரி. புரட்டாசில ஒரு மழை விழுந்ததும் மக்காச்சோளம் போட்டோம், முளைச்சு வர்றப்ப வெயில்ல பாதி கருகிருச்சு, மிச்சத்த படைப்புழு தின்னுது. என்னதான் பண்றது?

பதில்: படிக்கவே மனசு கஷ்டமா இருக்குங்க. உங்க ஏரியாவுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் கணக்கு, அதுக்கு முன்னாடி ஒத்த மழைக்கு மேலாக்க விதைச்சா லேசான ஈரத்துலயே முளைச்சிரும், அடுத்த மழை தள்ளிப்போனா போச்சு. முன்கூட்டியே விதைக்கிறதா இருந்தா 5 சென்டிமீட்டர் ஆழத்துல போடுங்க, நல்ல மழை இறங்குனாத்தான் முளைக்கும். மக்காச்சோளம் இல்லாம சாதா சோளம் போடுறதுன்னா விதைய 2 சதவீத பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசல்ல 6 மணி நேரம் ஊறவச்சு நிழல்ல நல்லா உலர்த்தி விதைங்க, வறட்சிய கொஞ்சம் தாங்கும்.

படைப்புழு 2018ல வந்ததுல இருந்து மக்காச்சோளத்த விடவே மாட்டேங்குது. குருத்த விரிச்சுப் பாருங்க, மரத்தூள் மாதிரி எச்சம் கிடந்தா உள்ள புழு இருக்கு, மருந்து குருத்துக்குள்ள இறங்கணும், இலை மேல மட்டும் அடிச்சுப் பிரயோஜனமே இல்ல. வரப்போரமா தட்டப்பயறு, எள்ளு போடுங்க, நன்மை செய்யுற பூச்சிங்க வரும்.

என்னைக் கேட்டா மொத்தக் காட்டையும் மக்காச்சோளமாவே ஆக்காதீங்க, பாதில உளுந்து, கம்புன்னு போடுங்க, உளுந்து 70 நாள் வாக்குல கைக்கு வந்துரும். பயிர் காப்பீட்டையும் கடைசித் தேதி வரைக்கும் இழுக்காம கட்டிருங்க.