பறக்கும் பறவைகளை 1/2000 நொடியில் எடுத்தும் படம் மங்கலாக வருவது ஏன்? கூர்மையாக எடுப்பது எப்படி?

கேட்டவர் தந்திருக்கும் விவரம் இது: 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (சற்றுச் சிறிய சென்சார் கொண்ட) கேமரா, 500 மிமீ வரை போகும் ஜூம் லென்ஸ், ஷட்டர் வேகம் 1/2000. உட்கார்ந்திருக்கும் பறவை பளிச்சென்று வருகிறது. பறந்தால் பத்தில் ஒன்றுகூடத் தேறுவதில்லை. லென்ஸை மாற்ற வேண்டுமா என்று கேட்கிறார்.

வேண்டாம். உட்கார்ந்த பறவையின் இறகு இழை இழையாகத் தெரிகிறது என்றால் லென்ஸில் குறை இல்லை.

மங்கல் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது நாலைந்து தனித்தனிக் கோளாறுகள். ஒன்றுக்கான வைத்தியம் இன்னொன்றுக்கு உதவாது. அதனால் கேமராவில் எதையும் மாற்றுவதற்கு முன், தேறாத படங்களை அழிக்காமல் கணினியில் போட்டு 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டிய இடம் பறவையின் கண். வெயிலில் எடுத்த படமாக இருந்தால் கண்ணுக்குள் சூரியன் ஒரு வெள்ளைப் புள்ளியாக விழுந்திருக்கும். அந்தப் புள்ளி பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

புள்ளி சின்னதாக, ஓரம் கெட்டியாக இருந்தால் தலை சரியாக வந்திருக்கிறது என்று பொருள். சிறு கோடாக இழுபட்டிருந்தால் அது அசைவு. கோடு பறக்கும் திசையிலேயே கிடந்தால், நீங்கள் கேமராவைத் திருப்பிய வேகம் பறவையின் வேகத்தோடு ஒட்டவில்லை. குறுக்காக, மேலிருந்து கீழாக இருந்தால் பெரும்பாலும் பட்டனை வெடுக்கென்று அழுத்தியதில் கை ஆடியிருக்கும். புள்ளி கோடாகாமல் ஊதிப் பெருத்து, ஓரம் கரைந்த வட்டமாக இருந்தால் ஃபோகஸ் தப்பிவிட்டது. அப்போது படத்தில் வேறு எது தெளிவாக இருக்கிறது என்று தேடுங்கள். பின்னாலிருக்கும் நாணல் தெளிவாக இருந்தால் ஃபோகஸ் அங்கே ஓடியிருக்கிறது. உங்கள் பக்கத்துச் சிறகின் நுனி தெளிவாக இருந்து தலை கரைந்திருந்தால் கேமரா சிறகைப் பிடித்துக்கொண்டது. கண்ணும் அலகும் கச்சிதமாக இருந்து சிறகு நுனி மட்டும் கரைந்திருந்தால்தான் ஷட்டர் வேகம் போதவில்லை என்று சொல்லலாம். எல்லாரும் முதலில் ஷட்டர் வேகத்தைத்தான் ஏற்றுகிறார்கள். ஆனால் அது முழுதாகத் தீர்த்துவைப்பது இந்தக் கடைசிக் கோளாறை மட்டும்தான்.

ஏன் என்பதை ஒரு கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம். 20 மீட்டர் தூரத்தில் ஒரு பறவை நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் உங்களுக்குக் குறுக்கே பறக்கிறது. 500 மிமீ லென்ஸில் அதன் பிம்பம் சென்சாரில் ஏறக்குறைய 40இல் ஒரு பங்காக விழும். அதாவது பிம்பம் சென்சாரின் மேல் நொடிக்கு 250 மிமீ நகர்கிறது. 1/2000 நொடிக்குள் 0.125 மிமீ. உங்கள் கேமராவில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 0.004 மிமீ. ஆக, கேமராவை அசைக்காமல் பிடித்திருந்தால் பறவை 31 பிக்சல் இழுபடும். 1/4000 வைத்தாலும் 15, 16 பிக்சல். கண் முழுவதும் கரைந்துபோக அது போதும். இப்போது அதே 1/2000இல், பறவையோடு சேர்த்து கேமராவைத் திருப்புங்கள். பத்தில் ஒரு பங்கு பிசகினால்கூட இழுபடுவது 3 பிக்சல்தான். ஷட்டரை இரட்டிப்பாக்கினால் மங்கல் பாதியாகிறது. ஒழுங்காகத் திருப்பினால் பத்தில் ஒன்றாகிறது.

இந்தத் திருப்பலைத்தான் பேனிங் என்கிறோம். கையால் திருப்பினால் வராது. இடுப்பால் திருப்ப வேண்டும். கால்களைத் தோள் அகலத்துக்கு அகட்டி, பறவையை எங்கே எடுக்கப்போகிறீர்களோ அந்தப் பக்கம் பாதங்களை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இடுப்பை மட்டும் பின்னால் திருக்கி, அது வரும் பக்கம் பாருங்கள். பறவை நெருங்க நெருங்க உடல் முறுக்கவிழ்ந்து வரும். எடுக்கும் இடத்தில் உடல் நேராக, தளர்வாக இருக்கும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பறவை வரும் திசையில் வசதியாக நின்றுகொண்டு, எடுக்க வேண்டிய நேரத்தில் முறுக்கிக்கொண்டு திணறுவார்கள். இடது கை லென்ஸின் அடியில் நன்றாக முன்னே தள்ளி இருக்கட்டும்; முழங்கைகள் விலாவை ஒட்டியிருக்கட்டும். பட்டனை அழுத்திய பிறகும் திருப்பலை நிறுத்தக் கூடாது. அழுத்தும் கணத்தில் கை நின்றுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. கண்ணில் விழும் அந்தக் கோட்டுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பறவை ஃபிரேமுக்குள் அகப்படவே மாட்டேன் என்கிறதா? கண்ணைப் பறவையிலிருந்து எடுக்காமல், லென்ஸைக் கண்ணுக்கும் பறவைக்கும் நடுவே தூக்கிக் கொண்டுவாருங்கள். குனிந்து கேமராவைப் பார்த்துவிட்டு மறுபடி வானத்தில் தேடினால் கிடைக்காது. 200 அல்லது 300 மிமீயில் பிடித்துக்கொண்டு பிறகு 500க்குப் போகலாம். இன்னொரு விஷயம், லென்ஸ் பக்கத்திலிருக்கும் எதிலோ ஃபோகஸாகிக் கிடந்தால் பறவை நேர் எதிரே இருந்தாலும் வியூஃபைண்டரில் வெறும் சாம்பல் மூட்டமாகத்தான் தெரியும். பறவை வரக்கூடிய தூரத்தில் ஒரு மரத்தையோ கம்பத்தையோ முன்கூட்டியே ஃபோகஸ் செய்து வைத்துவிடுங்கள். லென்ஸில் ஃபோகஸ் தூரத்தைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச் இருந்தால், அருகிலுள்ள தூரங்களை விட்டுவிடும்படி அதை வைத்துக்கொள்ளுங்கள். குறி தவறும்போது லென்ஸ் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடித் திரும்பும் நேரம் மிச்சம்.

அடுத்தது ஃபோகஸ். பறவை நகர நகர கேமரா விடாமல் ஃபோகஸைச் சரிசெய்துகொண்டே இருக்கும் தொடர் ஃபோகஸ் கட்டாயம். கேனானில் சர்வோ, நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-சி. உங்கள் லென்ஸின் துளை அளவை எஃப் 5.6இல் வைத்தால், 20 மீட்டரில் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 36 செமீதான். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நேராக உங்களை நோக்கி வரும் பறவை, நொடியின் 20இல் ஒரு பங்கில் அரை மீட்டர் நெருங்கிவிடும். ஃபோகஸ் ஒரு கண் சிமிட்டலுக்குப் பின்தங்கினாலே தலை அந்த ஆழத்தைத் தாண்டிவிடுகிறது. எதிரே வரும் பறவை குறுக்கே போகும் பறவையைவிட ஏன் இத்தனை கடினம் என்பது இதில் புரியும். பெரிய பருந்து பக்கவாட்டில் போகும்போது இரண்டு சிறகு நுனிகளும் ஒருசேரத் தெளிவாக வருவதில்லை. அதற்காக வருந்த வேண்டியதில்லை, கண் தெளிவாக இருந்தால் போதும்.

மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவில், பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடித்து ஃபோகஸ் செய்யும் வசதி இருந்தால் அதையே நம்பலாம். ஆனால் பறவை சிறியதாகத் தெரியும்போதோ பின்னால் கிளைகள் நெருக்கமாக இருக்கும்போதோ அது தடுமாறும். அப்போது ஃபோகஸ் பகுதியை நடுவில் சிறு கட்டமாகச் சுருக்கிக்கொள்ளுங்கள். உள்ளே கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆரில் பின்னணி வெறும் வானம் என்றால் அகலமான பகுதி. மரமோ அலையோ இருந்தால் நடுப்புள்ளியும் அதைச் சுற்றிய சில புள்ளிகளும். ஒற்றைப் புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டால் கை சற்றுப் பிசகினாலும் ஃபோகஸ் பின்னணிக்குத் தாவிவிடும். குறுக்கே ஏதாவது வந்தால் எவ்வளவு சீக்கிரம் அதற்குத் தாவ வேண்டும் என்று கேட்கும் ஒரு அமைப்பு பல கேமராக்களில் உண்டு. அதை மெதுவான பக்கம் வையுங்கள்.

பின்பக்க பட்டனுக்கு ஃபோகஸை மாற்றிக்கொள்வதை அழுத்திச் சொல்வேன். கட்டைவிரல் ஃபோகஸுக்கு, ஆள்காட்டி விரல் ஷட்டருக்கு. பறவை தூரத்தில் வரும்போதே கட்டைவிரலைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டிருக்காமல், விட்டு விட்டு அழுத்துங்கள். ஒவ்வொரு தடவையும் கேமரா புதிதாகப் பறவையைப் பிடிக்கும். பின்னணியில் ஒட்டிக்கொண்டு வெகுதூரம் போகாது. எடுக்கும் தூரம் வந்ததும் பிடித்துக்கொண்டே மூன்று முதல் ஆறு ஃபிரேம் வரை ஒரு சிறு தொடராக எடுங்கள். நீண்ட தொடராக எடுத்துக் கேமராவின் தற்காலிக நினைவகம் நிரம்பினால் பறவை சிறகை விரிக்கும் நொடியில் கேமரா நின்றுபோகும். ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாத பெரிய மூலக் கோப்பு) எடுக்கும்போது இது சீக்கிரம் வரும்.

இனி ஷட்டர் வேகம். நாரை, கூழைக்கடா போன்ற நிதானமான பெரிய பறவைகளுக்கு 1/1000 முதல் 1/1250. பருந்து, கொக்குக்கு 1/1600 முதல் 1/2000. ஆலா, வாத்துக்கு 1/2500 முதல் 1/3200. தகைவிலான், பஞ்சுருட்டான், பாயும் மீன்கொத்திக்கு 1/4000க்குக் குறையாமல். சிறகடிப்பில் சிறகு மிக வேகமாக நகர்வது நடுவழியில். உச்சியிலும் அடியிலும் திரும்புவதற்காக அது ஒரு கணம் நின்றுவிடுகிறது. வெளிச்சம் குறைந்த நேரத்தில் 1/1000இல்கூட அந்தத் திருப்பத்தில் விழுந்த ஃபிரேம் முழுக்கக் கூர்மையாக இருக்கும். தொடராக எடுப்பதன் பலன் அங்கேதான்.

ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்துக்கான சென்சாரின் உணர்திறனை, ஏற்றப் பயப்படாதீர்கள். அதனால் வரும் குருணையை மென்பொருளில் குறைக்கலாம், இழுபட்ட கண்ணை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு வெளிச்சம் ஏற்றினால் நிழல் பக்கத்து இறகு விவரம் குருணையில் மூழ்கிவிடும். வெளிச்சம் நிலையாக இருந்தால் ஐஎஸ்ஓ உட்பட எல்லாவற்றையும் மானுவலில் வைப்பது நல்லது. முழு வெயிலில் எஃப் 6.3, 1/2500, ஐஎஸ்ஓ 400ஐ ஒட்டித் தொடங்குங்கள். காகத்துக்கு வெளிச்சத்தை ஒரு மடங்கு ஏற்றுங்கள், வெண்கொக்குக்குச் சற்று இறக்குங்கள். பறவை வானத்திலிருந்து மரப் பின்னணிக்குள் நுழைந்தாலும் அதன் மேல் விழும் வெயில் மாறுவதில்லை. ஆட்டோ ஐஎஸ்ஓ இதை அறியாது. பின்னணிக்கு ஏற்ப ஏறி இறங்கும். மேகம் வந்து வந்து போகும் நாளில் ஆட்டோ ஐஎஸ்ஓதான் வசதி. அப்போது வானப் பின்னணிக்கு எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +1 முதல் +1.7 வரை ஏற்றிக்கொள்ளுங்கள்.

நிற்கும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பறவைகள் காற்றை எதிர்த்தே கிளம்பும், காற்றை எதிர்த்தே இறங்கும். காற்றும் வெயிலும் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால், அவை முகத்தைக் காட்டிக்கொண்டு, வெளிச்சம் முழுவதும் மேலே விழ, வேகமும் குறைந்து உங்களை நோக்கி வரும். காற்று எதிரே அடித்தால் வாலும் முதுகும்தான் கிடைக்கும். கிளம்பப்போகும் பறவை முன்னால் சாய்ந்து உடலைத் தாழ்த்தும். பல நேரம் எச்சமிட்டுவிட்டுக் கிளம்பும். அதைக் கண்டதும் விரல் தயாராக இருக்கட்டும். விரட்டிப் பறக்கவிடுவது மட்டும் கூடவே கூடாது. பயந்த பறவை உங்களுக்கு முதுகைக் காட்டித்தான் ஓடும். கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால் அதற்கு நேரும் கேடு எந்தப் படத்துக்கும் ஈடாகாது.

லென்ஸின் அதிர்வுத் தடுப்பைப் பேனிங்குக்கான நிலையில் வையுங்கள். 1/2000க்கு மேல் போனால் அணைத்துவிட்டும் எடுத்துப் பாருங்கள். சில லென்ஸ்களில் அப்படித்தான் கூடுதல் தெளிவு வரும். மின்னணு ஷட்டரில் ஒரு எச்சரிக்கை. சென்சார் வரி வரியாகப் படித்து முடிப்பதற்குள் சிறகு நகர்ந்துவிடும். கூர்மையாகவே இருக்கும், ஆனால் சிறகு வளைந்து தெரியும், பின்னணிக் கம்பம் சாய்ந்திருக்கும். 2023இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 III போல ஒரே கணத்தில் மொத்தத்தையும் படிக்கும் சென்சாரில் இந்தத் தொல்லை இல்லை. சாதாரணக் கேமராவில் இயந்திர ஷட்டரே சரி.

இத்தனையும் சரியாகச் செய்தும் ஒரு நாள் எடுத்த அத்தனை படமும் மெத்தென்று இருந்தால், கானல் அலையைச் சந்தேகியுங்கள். வெயிலேறிய மணல், தார்ச்சாலை, கரைச்சேறு இவற்றின் மேல் சூடான காற்று நெளியும்போது இறகு ஓரம் நீருக்கடியில் இருப்பதுபோல் வளைந்து, ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் கரைந்தும் இருக்கும். ஷட்டர் வேகமோ லென்ஸோ இதைச் சரிசெய்யாது. தூரம் கூடக் கூட மோசமாகும். அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பறவையை அதே தூரத்தில் பத்து ஃபிரேம் எடுத்துப் பாருங்கள். அவையும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி நெளிந்திருந்தால் காரணம் காற்றுதான். வெயில் ஏறுவதற்கு முன் வாருங்கள், அல்லது பறவை 15, 20 மீட்டருக்குள் வரும் இடத்தைத் தேடிப் பிடியுங்கள்.