பதில்: ஓடுபாதையில் நிற்கும்போதே உயரமானி 200 அடி காட்டுகிறது

நண்பரே, உங்கள் விமான சிமுலேட்டரில் கோளாறு எதுவும் இல்லை. உயரமானி காற்றழுத்தத்தை வைத்துத்தான் உயரத்தைக் கணிக்கிறது. சென்னை வானிலை அறிக்கையில் வந்த 1008 என்ற காற்றழுத்தம் ஹெக்டோபாஸ்கல் அலகில் உள்ள கணக்கு. செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தின் உயரமானியில் அழுத்தத்தை வைக்கும் சின்ன ஜன்னலோ பாதரச அங்குலம் என்ற வேறு அலகில் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தில் அது இன்னும் 29.92-லேயே நிற்கிறது, அதாவது 1013 ஹெக்டோபாஸ்கல்.

1008-ஐ 33.86-ஆல் வகுத்தால் 29.77. உயரமானியின் இடது கீழ்க் குமிழைத் திருகி அதை வையுங்கள். 0.01 அங்குலத்துக்குச் சுமார் 10 அடி என்பதால் 150 அடி குறைந்து, முள் 50 அடிப் பக்கம் வந்துவிடும். சென்னை ஓடுபாதை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய அவ்வளவு உயரம்தான்.

இதை மாற்ற மறந்து நானும் ஒருமுறை மூடுபனியில் இறங்கினேன். எதிர்பார்த்ததற்கு முன்பே தரை வந்து மோதியது. நல்லவேளை, கணினித் தரை!