ஆளுங்க நமக்குப் பயந்தாத்தான் வேலை நடக்கும்ங்கறது நெசமா?

கேட்டவர் எழுதியிருந்தது இதுதான்: அப்பாகிட்ட இருந்து ஒரு சின்ன கம்பெனிய இப்பதான் கையில வாங்கியிருக்காராம், 20 பேர் வேலை செய்யறாங்களாம், "கொஞ்சம் பயம் இருந்தாத்தான்டா வேலை நடக்கும்"னு அப்பா சொல்றாராம், இவருக்கு மனசு ஒப்பலையாம், அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்கன்னு கேட்டிருக்கார்.

உங்கப்பா சொல்றது பொய்யில்லீங்க. பயந்தா வேலை நடக்கும். ஆனா உள்ள என்ன நடக்குதுங்கற சேதி உங்க காதுக்கு வர்றது நின்னுடும். எனக்கு இது புரியறதுக்கு ஒரு உடைஞ்ச ஊசியும் ரெண்டு ராத்திரியும் ஒரு டெபிட் நோட்டும் (தப்புக்காக நம்ம பில்லுல இருந்து காச கொறைச்சு அனுப்பற சீட்டு) தேவைப்பட்டுச்சு, அதையே சொல்றேன்.

நான் திருப்பூர்ல 28 மிஷின் போட்டு ஜாப் ஒர்க் பண்றவன். எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரங்க துணிய குடுப்பாங்க, நாங்க கட் பண்ணி தெச்சு பிசிர் வெட்டி செக்கிங் பண்ணி திருப்பிக் குடுப்போம், அவ்வளவுதான். காலைல எட்டரைக்கு ஆரம்பிச்சா ராத்திரி எட்டரை, ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை சம்பளம். டைலரா இருந்து, அப்புறம் சூப்பர்வைசராகி, அப்புறம் கடன வாங்கி சொந்தமா போட்டவன், அதனால "எனக்குத் தெரியாததா"ங்கற நெனப்பு கொஞ்சம் தூக்கலாவே இருந்துச்சு. குரலும் அப்படித்தான். மிஷின் சத்தத்துல கத்திக் கத்திப் பேசி பழகுனதுன்னு நானே ஒரு காரணம் சொல்லிக்குவேன்.

2018-ல கிறிஸ்துமஸ் ஆர்டர் ஓடற சமயம். சின்ன கொழந்தைங்க டீசர்ட், 3,600 பீஸ். குடுத்து அனுப்பிட்டு நிம்மதியா டீ குடிச்சிட்டு இருக்கேன், சாயங்காலம் ஆறு மணிக்கு போன் வருது. அவங்க பினிஷிங்ல மெட்டல் டிடெக்டர் மிஷின்ல விட்டிருக்காங்க, ஒரு பீஸ்ல சத்தம் குடுத்திருக்கு, பிரிச்சுப் பாத்தா தோள்பட்டை தையலுக்குள்ள ஊசி முனை, ஒரு எள்ளு நீளம் இருக்கும். கொழந்தை போடற துணி. யோசிச்சுப் பாருங்க. "பூரா பீஸையும் எடுத்துட்டுப் போங்க, ஒண்ணு விடாம பாத்து எழுதிக் குடுங்க"ன்னுட்டாங்க. அவங்க மேல தப்பே சொல்ல முடியாது.

கையில புடிக்கற டிடெக்டர் ஒண்ண தெரிஞ்சவர்கிட்ட இரவல் வாங்கி, 3,600 பீஸையும் ஒண்ணொண்ணா தடவிப் பாத்தோம். ரெண்டாவது நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு இன்னொரு துண்டு மாட்டுச்சு. யாரு யாருன்னு நான் கத்தறேன், எல்லாரும் தரையப் பாக்கறாங்க.

வெளிய இருக்கறவங்களுக்காக ஒண்ணு சொல்லிடறேன். எங்க தொழில்ல ஊசி உடைஞ்சா ஒரு முறை இருக்கு. மிஷின நிறுத்தணும், உடைஞ்ச துண்டு எல்லாத்தையும் தேடி எடுக்கணும், ஒரு நோட்டுல தேதி, மிஷின் நம்பர், டைலர் பேர் எழுதி அந்தத் துண்டுகள செலோ டேப் போட்டு ஒட்டணும், முழு ஊசியா சேந்தாத்தான் புது ஊசி குடுக்கணும். ஒரு துண்டு கொறஞ்சாலும் அந்த மிஷின சுத்தி இருக்கற பீஸ் எல்லாத்தையும் ஒதுக்கி வெச்சு தேடணும். எங்ககிட்டயும் அந்த நோட்டு இருந்துச்சு. அன்னிக்கு விடியக்காலைல அத எடுத்துப் பாக்கறேன், 11 வாரமா ஒரு ஊசி கூட ஒட்டல. 28 மிஷின், 11 வாரம், ஒரு ஊசி கூட உடையல. டைலரா இருந்தவன் நான், இது நடக்கவே நடக்காதுன்னு எனக்குத் தெரியாதா? ஆனா அதே நோட்ட ரெண்டு வாரம் முன்னாடி ஆடிட்டுக்கு வந்தவங்ககிட்ட "பாருங்க சார் எவ்வளவு சுத்தமா இருக்கு"ன்னு பெருமையா காட்டுனவனும் நான்தான்.

எங்ககிட்ட தேனிப் பக்கத்து அக்கா ஒருத்தங்க ஒம்பது வருசமா இருக்காங்க. வயசுல எனக்கு மூத்தவங்க, ஆனா ஓனர்ங்கறதால அண்ணேன்னுதான் கூப்பிடுவாங்க. அன்னிக்கு வேலை முடிஞ்சு கெளம்பும்போது வாசல்கிட்ட நிறுத்தி, "அக்கா, நெசத்த சொல்லுங்க, பதினோரு வாரமா ஊசியே ஒடையலையா?"ன்னு கேட்டேன். அவங்க ஒண்ணும் பேசல. சாப்பாட்டுப் பைய தொறந்து, டிபன் பாக்ஸுக்கு அடியில கைய விட்டு ஒரு ஊசி பாக்கெட்ட எடுத்துக் காட்டுனாங்க. பத்து ஊசி பாக்கெட், நாலு மிச்சம் இருந்துச்சு. "ஒடையாம எப்பிடிண்ணே இருக்கும்? ஒங்ககிட்ட வந்து வசவு வாங்குறதுக்கு நாமளே வாங்கிப் போட்டுக்கிருவோம்னுதான். எல்லார் பையிலயும் கெடக்குண்ணே."

எல்லார் பையிலயும். சொந்தக் காசுல. என் கம்பெனி மிஷினுக்கு.

அந்த முனை யார் மிஷின்ல உடைஞ்சதுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது, அப்புறம் கேக்கவும் இல்ல. ஏன்னா அன்னிக்கு வீட்டுக்குப் போற வழியில கணக்கு போட்டுப் பாத்தா எல்லாம் என்கிட்டயே வந்து நிக்குது. ஊசி உடைஞ்சா 50 ரூபா பைன்னு போட்டது நான். பைனோட விடாம நாலு பேர் முன்னாடி கத்துனதும் நான். சரி ஊசி ஏன் உடைஞ்சுது? கழுத்து ரிப்பும் (கழுத்த சுத்தி வர்ற பட்டி) தோள்பட்டையும் சேர்ற எடத்துல துணி நாலஞ்சு மடிப்பா வரும், அங்க மெல்லிசு ஊசிய போட்டு வேகமா ஓட்டுனா ஊசி லேசா வளைஞ்சு கீழ பிளேட்டுல அடிச்சு உடையும். மெல்லிசு ஊசியே எல்லா மிஷினுக்கும் போதும்னு மொத்தமா வாங்கிப் போட்டது யாரு, மெக்கானிக்க மாசம் ஒருக்கா வந்தா போதும்னு சொன்னது யாரு, டைலருங்களா? எங்கூர்ல இதுக்கு "தன் முதுகு தனக்குத் தெரியாது"ம்பாங்க.

இந்த பைன் சமாச்சாரம் இன்னும் கேவலம். எங்க ஆடிட்டர்கிட்ட பேச்சுவாக்குல சொன்னேன், அவர் சிரிச்சுட்டார். 1936-லயே சம்பளப் பட்டுவாடா சட்டம்னு ஒண்ணு வந்திருக்கு, அதுல பைன் எப்படி புடிக்கலாம்னு அப்பவே தெளிவா இருந்துச்சாம். எதுக்கெல்லாம் பைன்னு முன்கூட்டியே அனுமதி வாங்கி போர்டுல ஒட்டியிருக்கணும், அந்த ஆள்கிட்ட வெளக்கம் கேக்காம புடிக்கக் கூடாது, அந்த சம்பளத்துல 3 சதவீதத்த தாண்டக் கூடாது, நோட்டுல எழுதணும், புடிச்ச காச தொழிலாளிங்க நன்மைக்குத்தான் செலவு பண்ணணும். நான் ஒரு கவர்ல போட்டு டிராயர்ல வெச்சு, அதுல இருந்து எடுத்து டீ வாங்கி குடிச்சுட்டு இருந்தேன்.

அந்த சனிக்கிழமை சம்பளத்தோட சேத்து பைன் காச அவங்கவங்களுக்குத் திருப்பிக் குடுத்தேன். பெருசா பேச்சு ஒண்ணும் பேசல, பேசவும் வராது. எல்லாரும் ஒரு மாதிரி பாத்துட்டு வாங்கிட்டுப் போனாங்க, ஓவர்லாக் மிஷின் ஓட்டற தம்பி ஒருத்தன் மட்டும் நின்னு எண்ணிப் பாத்துட்டு "அண்ணா, ஒரு அம்பது கொறையுதுங்க"ன்னான். நெசந்தான், ஒண்ணு எழுதாம விட்டிருந்தேன். குடுத்தேன். அந்த மாசத்துல எனக்கு நடந்த ஒரே நல்ல விசயம் அதுதான்னு இப்ப தோணுது.

அப்புறம் ஒண்ணு சொன்னேன், ஊசி உடைஞ்சா கைய தூக்குங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்னு. சொல்லி மூணு வாரம் ஆச்சு, ஒரு கையும் தூக்கல. நான் திருந்திட்டேன்னு நான் சொன்னா அவங்க நம்பணுமா என்ன. மொத கை தூக்குனது ஒடிசாவுல இருந்து வந்து ரெண்டு மாசங்கூட ஆகாத பையன், அவனுக்கு என் பழைய கதை தெரியாது. நான் ஓடிப் போயி, கத்தாம, பொறுமையா காந்தம் வெச்சு தேடி எடுத்துக் குடுத்துட்டு, நல்லாத்தான் நடந்துக்கிட்டேன்னு நெனச்சுட்டு இருக்கேன், தேனி அக்கா மெதுவா சொல்றாங்க, "வாய் சும்மாதாண்ணே இருந்துச்சு, மூஞ்சி அப்பிடியேதான் இருந்துச்சு."

அதுக்கப்புறம் நான் போறதையே விட்டுட்டேன். யாராச்சும் கை தூக்குனா பக்கத்துல இருக்கற கைமடி (டைலருக்குக் கூடமாட உதவற ஆள்) காந்தத்த எடுத்துட்டுப் போவாங்க, ரெண்டு பேரும் சேந்து தேடுவாங்க, நோட்டுல ஒட்டுவாங்க. நான் சாயங்காலம் நோட்ட மட்டும் பாப்பேன். நம்மளே முன்ன நின்னு எல்லாத்தையும் பாக்கணும்னு எல்லாரும் சொல்லுவாங்க, என் விசயத்துல நான் தள்ளி நின்னதுதான் வேலை செஞ்சுது.

அடுத்த மாசம் நோட்டுல 9 ஊசி. அதுக்கடுத்த மாசம் 14. எக்ஸ்போர்ட் கம்பெனி கியூசி, அதாவது தரம் பாக்கறவர், வந்து பாத்துட்டு "என்ன உங்க கம்பெனில மட்டும் இவ்வளவு உடையுது"ன்னு கேட்டப்ப எனக்கு பழைய ரோசம் எட்டிப் பாத்துச்சு. ஆனா அந்த 14-ல 5 ஏழாம் நம்பர் மிஷின்ல. மெக்கானிக்க வரவெச்சு பாத்தா, ஊசியும் கீழ நூல் புடிக்கற பாகமும் சேர்ற டைமிங் தள்ளியிருக்கு. அத எத்தன நாளா அந்த டைலர் அப்படியே வெச்சு ஓட்டுனாரோ, எத்தன ஊசி அவர் காசுல வாங்குனாரோ. ஆஸ்பத்திரில நர்ஸுங்க மருந்து மாத்திக் குடுக்கற தப்புகள 90-கள்ல ஏமி எட்மண்ட்சன்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியை ஆராய்ச்சி பண்ணுனப்ப, நல்லா நடக்கற டீமுலதான் தப்பு கணக்கு அதிகமா வந்துச்சாம், என்னன்னு பாத்தா அங்க மறைக்காம சொல்லியிருக்காங்க. இது எம்பையன் காலேஜ்ல படிச்சுட்டு வந்து சொன்னது.

அவன்தான் இன்னொண்ணும் சொன்னான். டொயோட்டா கார் கம்பெனிக்கு மூலமே தறியாம். சாகிச்சி டொயோடாங்கறவர் 1924-ல கொண்டாந்த தறில நூல் அறுந்தா தறி தானா நின்னுடும், ஓட்டையோட துணி நெய்யாது. பின்னாடி அவங்க கார் பேக்டரிலயும் அதே புத்திதான், லைனுக்கு மேல ஒரு கயிறு போகும், எந்த தொழிலாளி வேணும்னாலும் இழுக்கலாம், இழுத்தா வெளக்கு எரிஞ்சு சூப்பர்வைசர் ஓடி வருவார், சரி பண்ண முடியலைன்னா லைன் நிக்கும். துணித் தொழில்ல பொறந்த யோசனை, துணி ஊர்ல இருந்துட்டு எனக்கு 2018-லதான் எட்டுது.

இன்னொரு சங்கதி, இது ஊசிய விட சின்னது, ஆனா எனக்கு இதுதான் அதிகம் உறுத்துச்சு. எங்க செக்கிங் பொண்ணுங்க பாத்ரூம் போனா எப்பவும் ரெண்டு ரெண்டு பேராத்தான் போவாங்க. "என்ன ஜோடி போட்டுக்கிட்டு ஊர்வலமா"ன்னு நான் பல தடவ சத்தம் போட்டிருக்கேன், ரெண்டு பேர் போனா ரெண்டு பேர் வேலையும் நிக்குதில்ல. இந்த ஊசி கலாட்டாவுக்கு அப்புறம் மீட்டிங் போட்டு "என்ன பிரச்சனை சொல்லுங்க"ன்னு கேட்டேன், ஒருத்தரும் வாய தொறக்கல. மீட்டிங்ல யாரும் சொல்ல மாட்டாங்க, அது வேற. அப்புறம் எம்பொண்டாட்டிய விட்டு தனித்தனியா கேக்கச் சொன்னேன். மொத நாளே சேதி வந்துடுச்சு, லேடீஸ் பாத்ரூம் தாப்பாள் உடைஞ்சு எட்டு மாசமாச்சு. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய கதவ புடிச்சுக்கிட்டு நிக்கணும். அதான் ஜோடி. அன்னிக்கே ஹார்டுவேர் கடையில தாப்பாள் வாங்கி நானே ஸ்க்ரூ போட்டேன், கால் மணி நேர வேலை. எட்டு மாசம் அதுக்காக அந்தப் பொண்ணுங்கள வைஞ்சுட்டு இருந்திருக்கேன்.

நடுவுல ஒரு தடவ யாரோ சொன்னாங்கன்னு மோட்டிவேசன் டிரெய்னர் ஒருத்தர கூட்டிட்டு வந்து எல்லாரையும் பலூன் ஊத வெச்சேன். அந்தக் கூத்து தாப்பாள் உடைஞ்சு கெடந்த அதே சமயத்துலதான். நெனச்சாலே வெக்கமா இருக்கு, இத பத்தி இதுக்கு மேல எழுதல.

சரி, கோவத்துக்கு என்ன பண்ணுனீங்கன்னு கேப்பீங்க. தியானம் எல்லாம் எனக்கு வராதுங்க, உக்காந்தா தூக்கம்தான் வருது. கணக்கு நோட்டுல கடைசி பக்கத்துல ராத்திரி பூட்டறதுக்கு முன்னாடி ஒரு வரி எழுதுவேன், இன்னிக்கு யார்கிட்ட கத்துனேன், எதுக்கு. காரணத்த எழுதும்போதே பாதி நாள் கூச்சமாயிடும், "கட்டிங் மாஸ்டர், டீ கிளாஸ டேபிள்ல வெச்சதுக்கு" அப்படின்னு எழுதி வெச்சா எப்படி இருக்கும். ரெண்டு மாசம் எழுதிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை மொத்தமா பொரட்டிப் பாக்கறேன், முக்காவாசி வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை என்ன? மறுநா சம்பளம். எனக்கு வர வேண்டிய பில்லு அறுபது நாள் தொண்ணூறு நாள்னு இழுக்கும், ஆளுங்களுக்கு நான் வாராவாரம் குடுத்தாகணும். சிறு தொழில்காரனுக்கு 45 நாளைக்குள்ள பணம் குடுக்கணும்னு 2006-ல இருந்து சட்டம் இருக்கு, ஆனா அத நீட்டிக்காட்டி கேட்டா அடுத்த ஆர்டர் யாரு குடுப்பா. ஆக எக்ஸ்போர்ட்காரர்கிட்ட போன்ல "பரவால்லீங்க சார், மெதுவா போடுங்க"ன்னு பல்லக் காட்டிட்டு, போன வெச்சுட்டு, உள்ள வந்து டீ கிளாஸுக்காக கட்டிங் மாஸ்டர புடிச்சு ஏறியிருக்கேன். மேல காட்ட முடியாத கோவத்த கீழ எறக்கியிருக்கேன், இத்தன வருசமா அதுக்குப் பேரு கண்டிப்புன்னு வேற சொல்லிட்டு இருந்தேன்.

இப்ப பணத்துக்கு ஓடற ஓட்டத்த புதன், வியாழனே முடிச்சுடப் பாப்பேன், வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல லைனுக்குள்ள போறதில்ல. வேலைல கறாரா இல்லைன்னு இல்ல, லேட்டா வந்தா கேப்பேன், ஆல்டர், அதாவது தப்பா தெச்ச பீஸ், அதிகமா வந்தா திருப்பி தெக்கச் சொல்லுவேன், சொல்லியும் கேக்காத ரெண்டு பேர அனுப்பியும் இருக்கேன். அதுக்கு கத்தத் தேவையில்லங்கறது மட்டும் தெரிஞ்சுது. அப்புறம் நீங்க எவ்வளவு பாசமா பேசுனாலும் சம்பளம் சனிக்கிழமை வரலைன்னா, பிஎஃப் ஈஎஸ்ஐ புடிச்சுட்டு கட்டலைன்னா, அந்தப் பேச்சுக்கு மதிப்பே கெடையாது, அத மொதல்ல பாருங்க.

சுத்தமா திருந்திட்டேன்னு சொல்ல மாட்டேன். போன வாரம் கூட ஒரு பேமெண்ட் தள்ளிப் போயி, கட்டிங் மாஸ்டர்கிட்ட ஒண்ணுமில்லாததுக்கு எகிறிட்டேன். ராத்திரி நோட்டுல எழுதிட்டு, மறுநா காலைல அவர் டேபிளுக்குப் போயி "மாஸ்டர், நேத்து பேசுனது தப்புங்க"ன்னேன். அவர் கத்தரிக்கோல கூட கீழ வெக்கல. "விடுங்ண்ணா, நேத்து வெள்ளிக்கிழமைதானுங்களே"ன்னார்.