வதந்தியைத் தடுக்க நூலகரால் என்ன செய்ய முடியும்?

"ஊரில் பரவும் பொய்ச் செய்திகளுக்கு எதிராக நூலகர்களால் உண்மையிலேயே ஏதாவது செய்ய முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கிளை நூலகத்தில் வேலை பார்ப்பவன் என்கிற முறையில் சொல்கிறேன்: முடியும். ஆனால் எல்லா வதந்தியையும் தடுக்க முடியாது.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வம் கும்பிடக் குடும்பத்தோடு வந்த ஒரு மூதாட்டி, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததால் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று நினைத்து அடித்தே கொல்லப்பட்டார். கூட்டம் கூடிவிட்ட அந்த நேரத்தில் நூலகத்தால் ஒன்றும் ஆகாது. அங்கே போலீஸ்தான் வேண்டும். எங்கள் வேலை, வருடக்கணக்கில் ஊரிலேயே தங்கிவிடும் வதந்திகளோடுதான்.

பத்து ரூபாய் நாணயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ரூபாய் குறியீடு இல்லாவிட்டால் கள்ளக்காசு, 15 கோடு இருந்தால் கள்ளக்காசு, 10 கோடு இருப்பதுதான் அசல் என்று பேச்சு. 14 வடிவங்களில் வந்த பத்து ரூபாய் நாணயங்கள் எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. ஆனாலும் பேச்சு அடங்கவில்லை.

காலையில் பேப்பர் படிக்க வரும் பெரியவர் ஒருவர் என் மேசையில் இரண்டு நாணயங்களைப் போட்டு, "தம்பி, இதுல எது கள்ளக்காசு?" என்று கேட்டார். ரிசர்வ் வங்கியின் அறிவிப்பைக் கணினியில் திறந்து வைத்துவிட்டு, காசில் இருக்கும் வருடத்தைப் பாருங்கள் ஐயா என்றேன். கண்ணாடியைக் கழற்றி, காசைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். ஒன்றில் 2010, மற்றதில் 2014. குறியீடு நாணயங்களில் வந்ததே 2011இல்தான் என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தவர் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, "குறி வர்றதுக்கு முன்னாடி அடிச்ச காசுப்பா இது, இதுல எப்படி இருக்கும்?" என்றார். நானே "செல்லும்" என்று சொல்லி அனுப்பியிருந்தால் வாசலைத் தாண்டியதும் மறந்திருப்பார். தானே கண்டுபிடித்ததால் அன்று முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தார்.

டீக்கடைக்காரரின் சிக்கல் வேறு. "எனக்கும் தெரியும் சார். நான் வாங்கினா என்கிட்ட இருந்து யாரு வாங்குவா?" அவர் கேட்பது நியாயம்தான். உண்மை தெரிந்தவர்கள் ஒரே இடத்தில் கூடாதவரை அதனால் பயனில்லை. வாசகர் வட்டக் கூட்டத்துக்குக் கடைக்காரர்களையும் வங்கி ஊழியர் ஒருவரையும் சேர்த்து அழைத்தோம். அதன்பிறகு சில கடைகளில் வாங்குகிறார்கள். சந்தையில் இன்றும் தகராறுதான்.

இதைவிடக் கஷ்டமானது எங்கள் அலமாரியிலேயே இருக்கிறது. சர்க்கரை நோயை அடியோடு ஒழிக்கலாம் என்கிற மாதிரிப் புத்தகங்கள் நன்கொடையாக வந்து சேர்கின்றன. நன்றாகவும் ஓடுகின்றன. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்று நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இல் எழுதியதை நானும் படித்துத்தான் வேலைக்கு வந்தேன். ஆனால் இன்சுலின் போடும் பிள்ளையின் அம்மா அப்படி ஒரு புத்தகத்தைக் கேட்டு நின்றால், பேசாமல் பதிவு செய்து கொடுக்க எனக்கு மனசு வராது. டாக்டரைக் கேட்காமல் ஊசியை நிறுத்திவிடாதீர்கள் அம்மா, உயிருக்கே ஆபத்து என்று சொல்லித்தான் கொடுப்பேன். மருத்துவர் எழுதிய ஒரு புத்தகத்தையும் கூடவே எடுத்துக் கொடுப்பேன். இது நூலகரின் வேலை இல்லை என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

அரசியல் ஃபார்வர்டுகளில் நான் தீர்ப்பு சொல்வதில்லை. அதே நாளில் வந்த மூன்று நாளிதழ்களை எடுத்துப் போட்டுவிடுவேன், அவ்வளவுதான்.

எங்களுக்குப் பெரிய துணை, டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்க வரும் பிள்ளைகள். தேர்வு தள்ளிப்போகிறது என்று டெலிகிராமில் வந்தால் உடனே ஆணையத்தின் இணையதளத்தைத் திறந்து பார்த்துவிடுவார்கள். தப்பான தகவலை நம்பினால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். பெரியவர்கள் போனைக் கொண்டுவந்தால் இப்போது அவர்களில் ஒருவரைத்தான் கூப்பிடுகிறேன்.

நீங்கள் கட்டும் சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் சேர்ந்தே போகிறது. அதனால் சந்தேகமான ஒரு ஃபார்வர்டைக் காட்டி, "இதை எங்கே சரிபார்க்கலாம்?" என்று உங்கள் ஊர் நூலகத்தில் தாராளமாகக் கேளுங்கள். பல இடங்களில் நூலகர் தனி ஆள்தான். உடனே தேடித் தர முடியாமல் போனால், தயவுசெய்து மறுநாளும் வந்து கேளுங்கள்.