சாரல் ஊருக்கு எந்தக் கேமரா? கேள்வி பதில்

தென்காசி, செங்கோட்டை வட்டாரத்திலிருந்தும் கணவாய்க்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலையிலிருந்தும் வந்த கேள்விகள். கேமரா பழுதுபார்ப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி (ஆசிரியை, செங்கோட்டை): அண்ணாச்சி, என்னிடம் இருப்பது 12 மெகாபிக்சல். 20 மெகாபிக்சல் வாங்கினால் படம் தெளிவாக வருமா?

பதில்: அந்த எண்ணுக்காக மாற்றாதீர்கள் டீச்சர். ஏ4 தாளில் நன்றாக அச்சிட 9 மெகாபிக்சல் போதும். வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லான சென்சார் எவ்வளவு பெரியது என்று கேளுங்கள். சிறிய கேமராக்கள் பலவற்றில் அதன் அகலம் 6.2 மி.மீ.தான். ‘1 அங்குல’ வகை என்று விற்பதில் 13.2 மி.மீ.; பரப்பில் நான்கு மடங்கு. மேகம் மூடிய மாலையில் வித்தியாசம் தெரியும். சிறிய சென்சாரில் இருட்டான இடமெல்லாம் புள்ளி புள்ளியாகிவிடும்.

கேள்வி (இளைஞர், புளியறை): செந்துருணிக் காட்டில் இருவாச்சியைப் படம் எடுக்க ஆசை. 125 மடங்கு ஜூம் உள்ள நிக்கான் கூல்பிக்ஸ் பி1000 வாங்கலாமா?

பதில்: 2018இல் வந்த அந்தக் கேமராவின் லென்ஸ், பழைய 35 மி.மீ. ஃபிலிம் கேமரா கணக்கில் 24 மி.மீ. அகலக் காட்சியிலிருந்து 3000 மி.மீ. நெருக்கக் காட்சி வரை போகும். நிலா படத்தைக் காட்டி மயக்குவார்கள் தம்பி. நிலாவுக்கு வெளிச்சம் உண்டு, பறந்தும் போகாது. இருவாச்சி உட்காருவதோ மர உச்சியின் இலை நிழலில். முழு ஜூமில் லென்ஸ் துளை எஃப்8 ஆகிவிடுகிறது, அதாவது உள்ளே வரும் வெளிச்சம் குறைந்துவிடுகிறது. வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் ஐஎஸ்ஓவை ஏற்றினால் அந்தச் சின்னச் சென்சார் தாங்காது. வெளிச்சத்தை உள்ளே விடும் ஷட்டரை மெதுவாக்கினால் அதற்குள் பறவை அசைந்துவிடும். மழைவிட்டுக் காட்டில் ஆவி எழும்போது, ஜூமை இழுக்க இழுக்க ஆவியும் சேர்ந்துதான் பெரிதாகும். எடை வேறு 1.4 கிலோ.

ஆனாலும் அதில் எனக்குப் பிடித்தது லென்ஸ் குழலின் பக்கவாட்டில் இருக்கும் ஒரு பொத்தான். பறவை கட்டத்தைவிட்டு நழுவினால் அதை அழுத்துங்கள், காட்சி விரியும். பறவையை நடுவில் கொண்டுவந்து விரலை எடுத்தால் பழைய ஜூமுக்கே திரும்பிவிடும். வேறு எந்த ஜூம் கேமரா பார்த்தாலும் இப்படி ஒன்று உண்டா என்று கேளுங்கள். கடை வாசலில் நின்று, எதிர்ச்சாரிப் பெயர்ப்பலகையில் ஓர் எழுத்தை முழு ஜூமில் பிடியுங்கள். கேமராவைக் கீழே இறக்கிவிட்டு மறுபடியும் அதே எழுத்தைத் தேடுங்கள். அங்கேயே அலுத்துப்போனால் காட்டில் சுத்தமாக உதவாது. வெயிலில் அமர்ந்திருக்கும் பறவைக்கு பி1000 சரி. பறக்கும் பறவைக்கு வேண்டாம்.

கேள்வி (ஆரியங்காவு): பதிமூன்று கண் பாலத்தில் ரயிலை எடுத்தால் கடைசிப் பெட்டிதான் விழுகிறது அண்ணாச்சி.

பதில்: நீங்கள் அழுத்திய பிறகுதான் கேமரா ஃபோகஸ் தேடுகிறது. ரயில் வருமுன்பே பாலத்தின் நடுக் கண்ணில் வைத்துப் பாதி அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் வந்ததும் மீதியை அழுத்துங்கள். புதிது வாங்குவதானால், தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுத்த கையோடு படம் பார்க்கும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். கார்டில் எழுதி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் கேமராக்கள் உண்டு. 2018இல் அகலப் பாதை வந்த பிறகும் அந்த வழியில் ரயில் அடிக்கடி வருவதில்லையே!

கேள்வி (கடைக்காரர், குற்றாலம்): அருவிக்குள்ளேயே கொண்டுபோக?

பதில்: ஒலிம்பஸ் டிஜி-6, தண்ணீருக்குள் 15 மீட்டர் வரை தாங்கும். தொடுதிரை கிடையாது, ஈரக் கைக்கு அதுவே வசதி. ஜூம் 4 மடங்குதான். பேட்டரி மூடியின் ரப்பரில் ஒரு தலைமுடி சிக்கினாலும் தண்ணீர் புகுந்துவிடும், ஒவ்வொரு முறையும் துடைத்து மூடுங்கள். எண்ணெய் தேய்த்த கையோடு லென்ஸைத் தொட வேண்டாம்.

கேள்வி (செங்கோட்டை): போன் போதாதா?

பதில்: பகலில், பக்கத்தில் இருப்பதை எடுக்கப் போதும்.

கேள்வி (இல்லத்தரசி, தென்மலை): மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தால் லென்ஸுக்குள் நூல் நூலாக ஏதோ படர்ந்திருக்கிறது.

பதில்: பூஞ்சைதான் அம்மா. தோல் உறையில் போட்டு பீரோவில் பூட்டியிருப்பீர்கள். தோல் ஈரத்தை விடாது. காற்றுப் புகாத டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல்லோடு வையுங்கள், வாரம் ஒருமுறை வெளியே எடுத்து நாலு படம் எடுங்கள். இப்போது படர்ந்திருப்பதை லென்ஸைக் கழற்றித்தான் துடைக்க முடியும். கண்ணாடியின் மேற்பூச்சை அரித்திருந்தால் தழும்பு நின்றுவிடும். பழைய கேமரா வாங்குகிறவர்களும் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.