52 வயதில் ஜப்பானிய மொழி

கேள்வி: எனக்கு வயது 52. மூன்று மாதமாக ஜப்பானிய மொழி படிக்கிறேன். வேலைக்காக அல்ல, ஆசைக்காக. இன்று மனப்பாடம் செய்த சொல் நாளை நினைவில் இல்லை. "இந்த வயசுல எதுக்குப்பா?" என்று மகன் சிரிக்கிறான். விட்டுவிடலாமா?

பதில்: மறதிக்கு வயதை மட்டும் குறை சொல்லாதீர்கள். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தன்னையே சோதித்துப் பார்த்து, 1885-இல் அதை எழுதினார். ஒரே நாளில் பாதிக்கு மேல் போய்விட்டது. சோதனை செய்தபோது அவருக்கு முப்பதைச் சுற்றித்தான் வயது. எனவே ஒரே மூச்சில் ஐம்பது சொல் வேண்டாம். பத்துச் சொல் போதும். நாளை ஒருமுறை, நான்கு நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை, பொருளை மறைத்துவைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள்.

மூளைக்கு நல்லது, முதுமையில் மறதிநோய் வராது என்றெல்லாம் நான் ஆசை காட்ட மாட்டேன். சிறுவயதிலிருந்து இரு மொழி பேசுபவர்கள் பற்றிய ஆய்வுகளிலேயே அந்தச் சர்ச்சை ஓயவில்லை.

எனக்குப் பெரிதாகத் தெரியும் லாபம் வேறு. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம், ஆங்கிலம் பேசுபவர்கள் ஜப்பானிய மொழியில் அலுவல் பார்க்கும் அளவுக்குத் தேற 2,200 வகுப்பு மணி நேரம் ஆகும் என்கிறது. அவர்களைத் தடுமாற வைக்கும் வாக்கிய அமைப்பு உங்கள் வாயிலேயே இருக்கிறது. 'வாதாஷி வா ஹோன் ஓ யோமிமாஸ்': நான் புத்தகத்தை வாசிக்கிறேன். வினை கடைசியில். 'ஓ' நம் 'ஐ' உருபின் வேலையைச் செய்கிறது. கடைசியில் 'கா' சேர்த்தால் கேள்வி, நாம் 'ஆ' சேர்ப்பதுபோல. பள்ளியில் வேற்றுமை உருபைத் திட்டிக்கொண்டே படித்திருப்பீர்கள். அது என்ன செய்கிறது என்று இப்போதுதான் கண்ணில் படும். கேட்டுக்கேட்டே பேசப் பழகும் குழந்தைக்கு இந்த ருசி கிடைக்காது.

சரி, சீனத்திலிருந்து வந்த 'கான்ஜி' எழுத்துகள் கஷ்டம்தான். அன்றாடப் பயன்பாட்டுப் பட்டியலிலேயே 2,136 இருக்கின்றன. அவசரப்படாதீர்கள். ஹிராகானா என்ற 46 ஒலி எழுத்துகளை முதலில் கை பழகட்டும்.

மகன் அடுத்த முறை சிரிக்கும்போது, கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்து "யோமிமாஸ் கா?" என்று கேளுங்கள். அர்த்தம் கேட்டால், உடனே சொல்லிவிடாதீர்கள்.